நைட் ஷிப்ட் வாரத்து வலி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்கு வரும் பஸ்ஸில் கிடைத்தது. முத்தாண்டிக்குப்பம் தாண்டியதும் முன் இருக்கைக்காரர் போனில் யாரிடமோ, "வைஃபுக்கு வயித்து வலிங்க. ஒண்ணுமில்ல, கேஸ்தான்" என்றார். பக்கத்திலிருந்த அந்தப் பெண் அவரைத் திரும்பிப் பார்த்தார். நடந்தது அவ்வளவுதான். இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள். மீதி எல்லாம் என் கைவேலை. அந்தப் பெண்ணுக்கு மெர்லின் என்று நான்தான் பெயர் வைத்தேன், கணவனுக்கு பெனடிக்ட்.

2.

முதல் தொடக்கம்: "அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு மேலே வானம்..."

(நெய்வேலி என்றால் புகைபோக்கிதானா? வயிறு வலிக்கிறவள் வானத்தையா பார்ப்பாள்? அடித்தாயிற்று.)

இரண்டாவது: "பெண்ணின் வயிறு என்பது..."

(இப்படித் தொடங்கிய வாக்கியம் எதுவும் உருப்பட்டதில்லை.)

மூன்றாவது: "மெர்லின் குக்கரை இறக்கி வைத்துவிட்டு, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தாள்."

இது இருக்கட்டும்.

3.

நெய்வேலி நகரியத்தில் வாழாதவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே குவார்ட்டர்ஸ் வீடுகளில் கிழமை எல்லாம் பெயருக்குத்தான். பிள்ளை முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்தோ வளைகாப்போ, "அவருக்கு அன்னிக்கு என்ன ஷிப்ட்?" என்று கேட்டுவிட்டுத்தான் தேதி குறிப்பார்கள். பெனடிக்டுக்குச் சுரங்கத்தில் வேலை. அவன் பிரிவில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை நைட் ஷிப்ட் வாரம் வரும்.

மெர்லினின் வலியும் அந்த வாரத்தில்தான் வரும். எப்போது வலிக்கிறது என்று யார் கேட்டாலும் வீட்டில் ஒரே பதில்: "இவரு நைட் ஷிப்ட் போற வாரம்."

அப்புறம் காரணத்துக்கா பஞ்சம்? நெல்லிக்குப்பத்திலிருந்து வந்துபோகும் மாமியார் செசிலியா, "புருசன் இல்லாத வூட்ல பயந்துகினு படுத்துக்கினு கீது. அதான் வாயு புடிச்சிக்குது" என்றாள். மருந்துக்கடை சிங்காரவேலு எந்தப் பக்கம் வலி என்றுகூடக் கேட்காமல் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தார். ஒரு டாக்டரோ, "நைட்ல தனியா இருக்கீங்களா? மனசுதான் காரணம்" என்று முடித்துவிட்டார். மெர்லினும் நம்பினாள். ராத்திரியில் விளக்கை அணைக்காமல் தூங்கிப் பார்த்தாள். வயிறு கேட்கவில்லை.

4.

சென்ற வருடம் பெனடிக்டை ஜெனரல் ஷிப்டில் போட்டார்கள். இனி பகல் வேலை மட்டும். மருமகளின் நோய் தீர்ந்தது என்று செசிலியா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள்.

வலி மட்டும் தன் பாட்டுக்குத் தன் வாரத்தில் வந்து நின்றது.

அப்போதுதான் மெர்லின் ஷிப்டை ஒதுக்கிவைத்துவிட்டுத் தன் உடம்பை யோசித்தாள். மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பே வலி தொடங்கி, முடியும்வரை விடுவதில்லை. இத்தனை வருடம் முன்னால் வருவதை நைட் ஷிப்ட் தலையில் கட்டினார்கள். மாதவிடாயோடு வருவதற்கு "பொம்பளைன்னா அப்படித்தான்" என்றார்கள். இரண்டும் ஒரே வலி என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்.

(இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்து மருத்துவப் பக்கங்களைப் புரட்டினேன். குடல்வால், சிறுநீர்ப் பாதை, சூலகக் கட்டி, கர்ப்பப்பையின் உள்சவ்வு வெளியே படர்வது என்று காரணங்கள் நீளுகின்றன. ஸ்கேனில் சிக்காததும் உண்டாம். நான் படித்த பக்கங்கள் எல்லாம் முதலில் செய்யச் சொல்வது ஒன்றைத்தான்: அவளைக் கேளுங்கள். அதற்கு மெஷின்கூட வேண்டாம்.)

5.

பெனடிக்டைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவனைக் கொடுமைக்காரனாக்கினேன். எழுதச் சுலபமாக இருந்தது, படிக்கச் சகிக்கவில்லை. இப்போதைய பெனடிக்ட் நல்லவன். வெந்நீர்ப் பை வைத்துக் கொடுப்பான், அந்த நாட்களில் அவனே சோறு வடிப்பான். மனைவி சங்கடப்படக் கூடாதென்று டாக்டரிடம் முந்திக்கொண்டு பதில் சொல்வான். கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம். இவனிடம் என்ன செய்வது?

அவன் எதிரில் சொல்ல முடியாத ஒன்றும் அவளிடம் இருந்தது. அவன் அவளைத் தொடும்போதெல்லாம்...

(நிறுத்திக்கொள்கிறேன். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நானாக எழுதப் போனேன்.)

6.

முடிவு அ: ஆபரேஷன். கட்டி. பெனடிக்ட் தேம்பி அழுகிறான்.

(வலி நிஜம்தான் என்று காட்ட அவள் வயிற்றைக் கிழித்தே ஆக வேண்டுமா?)

முடிவு ஆ: ஸ்கேன் நார்மல். மறுபடி கேஸ் மாத்திரை.

(ஊரில் அடிக்கடி நடப்பது இதுதான். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

முடிவு இ: டாக்டர் மலர்கொடி அவள் கையைப் பிடித்துப் பார்த்ததுமே...

(டாக்டரம்மா என்ன, குறி சொல்கிறவரா?)

7.

ஆகவே, கடலூரில் டாக்டர் மலர்கொடியின் அறை. டாக்டருக்கு எதிரே மூன்று நாற்காலிகள். பெனடிக்டும் மெர்லினும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எப்பம்மா வலிக்குது?"

"அது வந்துங்க டாக்டர்," என்று பெனடிக்ட் தொடங்கினான், "நான் முன்னாடி நைட் ஷிப்ட்ல இருந்தப்போ..."

டாக்டர் அவனைத் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனார். வெளியே நிறைய பேர் காத்திருந்தார்கள். இன்னும் இரண்டு வரியில் கேஸ் என்று வந்துவிடும், அதோடு எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மெர்லினுக்கு அது தெரிந்தது. அவன் முழங்கையைத் தொட்டாள்.

"ஏங்க, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

"நான்தான் சொல்லிக்கினு இருக்கேனே. உனக்குச் சரியா சொல்ல வராது மெர்லின்."

"வரும்ங்க. போங்க."

அவன் முகம் விழுந்துவிட்டது. எழுந்து போனான். எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் நான் அடுத்த வாக்கியத்துக்குத் தயாரானேன்: "மெர்லின் மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள், எனக்கு..."

அவளோ பெனடிக்டின் காலி நாற்காலியைத் தாண்டி, மூன்றாவது நாற்காலியில் இருந்த என்னை நேராகப் பார்த்தாள்.

"நீங்களும்தான் சார்."

வந்துவிட்டேன். இப்போது வெளியே பெஞ்சில் பெனடிக்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். "உள்ள என்ன சார் சொல்லிக்கினு இருக்கா?" என்று கேட்கிறான். எனக்குத் தெரியாது. உங்களில் அந்த வலியை அறிந்தவர்கள் தாராளமாக உள்ளே போகலாம். உங்களை அவள் தடுக்க மாட்டாள். எங்களுக்குக் கேட்பதெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு குரல், இடையில் யாரும் குறுக்கிடாமல், பேசிக்கொண்டே இருப்பது.