யார் வீட்டுப் பிள்ளை நீ?

வாசல் விளக்கைப் போடுவதா வேண்டாமா என்று கோரீனுக்கும் அவள் மகள் ஜூனிக்கும் ஒரு வாரமாக வழக்கு நடந்தது. ஹாலோவீன் அன்று விளக்கு எரிகிற வீட்டுக்குத்தான் பிள்ளைகள் வேஷமும் முகமூடியுமாக மிட்டாய் கேட்டு வருவார்கள். இருட்டாகக் கிடக்கிற வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

"விளக்கு போடலன்னா நம்ம வீட்ட சூனியக்காரி வீடுன்னு சொல்வாங்கம்மா. இப்பவே பாதிப் பேரு அப்படித்தான் சொல்றாங்க," என்றாள் ஜூனி.

"சொல்லிட்டுப் போகட்டும்."

"அங்க ஸ்கூலுக்கு நீயா போற? நான்தானே போறேன்!"

எட்டு வயதுப் பிள்ளை கேட்டதும் நியாயம்தான். ஆல்டர் ஃபால்ஸ் என்ற இந்த ஊருக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. மிசௌரியில் புருஷன் ராய்ஸிடம் பதினொரு வருஷம் அடிவாங்கியவள், மார்ச் மாதத்தில் ஒரு விடியற்காலை மகளைப் போர்வையோடு தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு வடக்கே பார்த்து ஓட்டிவந்துவிட்டாள். அவன் இவர்களை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருந்தது. அந்தத் தாள் சமையலறை இழுப்பறையில் கிடந்தது. ஆனால் ராய்ஸ் தாளுக்கெல்லாம் அடங்குகிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். சீஸ் ஆலையில் பொட்டலம் கட்டுகிற வேலை, அதை விட்டால் வீடு. யார் கதவைத் தட்டினாலும் ஜன்னல் திரையை விலக்கி முகம் பார்த்த பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்பாள். இந்த ஒரு நாள் மட்டும், வருகிறவர்கள் யாருக்கும் முகம் கிடையாது.

அவள் கதை முழுதும் தெரிந்தவள் அந்த ஊரில் ஒருத்திதான். பக்கத்து வீட்டு டெலோரிஸ். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், ஐம்பதைத் தாண்டியவள், குரல் நாலு வீடு கேட்கும்.

"என் தங்கச்சி பசங்கள நான்தான் கூட்டிட்டுப் போறேன். ஜூனியும் வரட்டும்," என்றாள் டெலோரிஸ். "என் கண்ணு அவ மேலயேதான் இருக்கும். நீ விளக்கப் போட்டுட்டு வாசல்ல நில்லு. தெரு பூரா ஆளுங்க இருப்பாங்க. எவன் வந்து என்னத்தப் பண்ணிடுவான்?"

கடைசியில் கோரீன் சம்மதித்ததற்கு இன்னொரு காரணம் ஜூனியின் வேஷம். இரண்டு அட்டைப் பெட்டிகள். சின்னது தலைக்கு, பெரியது உடம்புக்கு. சுற்றிலும் வெள்ளித்தாள் ஒட்டி ரோபோ ஆக்கியிருந்தாள். பார்ப்பதற்கு இரண்டு ஓட்டை மட்டும். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது. பெற்றவளுக்கு அது ஒரு நிம்மதி.

"நம்ம வீட்டுக்கும் வருவேன்," என்றது பெட்டிக்குள்ளிருந்து குரல். "எல்லாருக்கும் குடுக்கற மாதிரி எனக்கும் குடுக்கணும்."

"வா ராசாத்தி. ரெண்டாவே குடுக்கறேன்."

ஆறு மணிக்குத் தீயணைப்பு நிலையத்துச் சைரன் ஊதியது. அந்த ஊரில் மிட்டாய் கேட்டு வருவதற்கு ஆறிலிருந்து எட்டு வரைதான் கணக்கு. சைரன் ஓயும் முன்பே தெரு முழுக்கப் பிசாசும் பூனையும் கடற்கொள்ளைக்காரனும் இறங்கிவிட்டார்கள். குளிர் கடித்தது. தேவதைகள் சிறகுக்கு மேல் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார்கள். கோரீன் பெரிய கிண்ணம் நிறைய மிட்டாயோடு வராந்தாவில் நின்றாள். கதவைச் சாத்தி முதுகை அதில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் அரை மணி நேரம் ஒவ்வொரு தடவையும் முகமூடிக்குள் கண்ணைத் தேடிப் பார்த்த பிறகுதான் கிண்ணத்தை நீட்டினாள். ஆறடி உயரத்தில் எலும்புக்கூடு ஒன்று தனியாகப் படியேறியபோது கிண்ணம் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"ட்ரிக் ஆர் ட்ரீட்," என்று அன்றைய வழக்கப்படி மிட்டாய் கேட்டது எலும்புக்கூடு, கீச்சுக் குரலில். முகமூடியைத் தூக்கினால் உயர்நிலைப் பள்ளிக்கூடத்துப் பெண். "எனக்குப் பதினாலுதாங்க ஆகுது. பாஸ்கெட்பால் ஆடறேன், அதான் இவ்ளோ உயரம். எல்லா வீட்லயும் திட்டறாங்க."

கோரீன் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டாள். இத்தனை நாள் எதற்கு இப்படிச் செத்தோம் என்றுகூடத் தோன்றியது. முதுகைக் கதவிலிருந்து எடுத்துவிட்டு வராந்தாவின் நடுவுக்கு வந்தாள்.

ஏழு மணி சுமாருக்கு ஐந்தாறு பிள்ளைகள் கூட்டமாக ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால், அப்பாமார்கள் நிற்கிற இடத்தில், ஒரு ஆள் நின்றான். ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டு, தொங்கிய கன்னங்களோடு கிழவன் முகமூடி. கோரீன் பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்தாள். அவர்கள் நன்றி என்று கத்திக்கொண்டே அடுத்த வீட்டுக்கு ஓடினார்கள். ஆள் நகரவில்லை.

"உங்க பிள்ளைங்க போயிட்டாங்க," என்றாள் சிரித்தபடி.

அவன் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி அழுத்தினான். சொடுக்கு விழுந்தது. பிறகு அடுத்த கையில்.

பதினொரு வருஷமாக அந்தச் சத்தத்துக்குப் பிறகு என்ன வரும் என்று அவள் உடம்புக்குத் தெரியும்.

ராய்ஸ் படியேறி வந்து வராந்தா நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து முகமூடியை நெற்றிக்குத் தூக்கினான். "நல்லா இருக்கியே கோரி. முடியெல்லாம் வெட்டிட்ட போல."

"ராய்ஸ்... நீ இங்க வரக்கூடாது. கோர்ட்ல..."

"கத்தப்போறியா? கத்து." வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. "அந்தா பாரு, படிக்கட்டுல எத்தன குஞ்சு குளுவான் ஏறி வருது. நீ கத்தினா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. நல்ல பிள்ளையா மிட்டாயக் குடு."

பையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஆனால் படியேறி வந்தவை ஒரு தேனீயும் ஒரு முயலும். முயலுக்கு நாலு வயதுகூட இருக்காது. அவள் குனிந்து கொடுத்தாள். கண் ராய்ஸின் கோட்டுப் பையிலேயே இருந்ததால் மிட்டாய் பிள்ளை நீட்டிய வாளிக்கு வெளியே விழுந்தது. முகமூடியை இறக்கிவிட்டு ராய்ஸ் அதைப் பொறுக்கி வாளியில் போட்டான். போடும்போது முயலின் முகத்தை உற்றுப் பார்த்தான்.

பிள்ளைகள் இறங்கியதும் கேட்டான்: "ஜூனி எங்க?"

"இங்க இல்ல. என் கூட வேலை செய்யறவ வீட்ல இருக்கா. பக்கத்து ஊரு."

"ஹாலோவீனுக்கு எம் பொண்ண நீ அடுத்தவ வீட்ல விடுவியா?" அவன் சிரித்தான். "இந்தத் தெருவுலதான் சுத்திட்டிருக்கா. எட்டு மணிக்குச் சைரன் ஊதுவாங்களாமே. ஊதினா வீட்டுக்கு வந்துதானே ஆகணும்? எனக்கென்ன அவசரம். இருக்கேன்."

போன் சமையலறை மேசையில் இருந்தது. உள்ளே போனால் இவனும் உள்ளே வருவான், கதவு சாத்தப்படும், அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் தெரியாது. அதனால் அவள் அந்த விளக்கு வெளிச்சத்திலேயே நின்றாள். பிள்ளைகள் வந்தார்கள், கொடுத்தாள். அப்பா அம்மாக்கள் பாதையில் நின்றபடியே கையசைத்தார்கள், அவளும் அசைத்தாள். வேஷம் போட்ட புருஷனோடு உட்கார்ந்து மிட்டாய் கொடுக்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். பிள்ளைகள் வருகிறபோது அவன் வாயைத் திறக்கவே இல்லை. ஜூனி அந்தக் கூட்டத்தில் இருந்தால் குரலைக் கண்டுபிடித்து ஓடிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். குனிந்து குனிந்து ஒவ்வொரு முகமாகத் தேடினான்.

நான் நம்ம வீட்டுக்கும் வருவேன் என்று சொல்லியிருந்தாளே. வராதே, வராதே என்று கோரீன் மனசுக்குள் அடித்துக்கொண்டாள். மறந்து போ. எங்கேயாவது விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு டெலோரிஸ் வீட்டுக்குப் போய்விடு.

விளக்குக் கம்பத்துக்குக் கீழே வெள்ளித்தாள் மின்னியது.

டெலோரிஸ் தெருவோரமே நின்றுகொண்டாள். சின்னவன் ஒருவனுக்கு ஷூ கட்டிக்கொண்டிருந்தாள். ரோபோ மட்டும் தனியாகப் பாதையில் ஆடி ஆடி வந்தது. பெட்டி முட்டியில் இடிக்க இடிக்கப் படியேறியது. ராய்ஸ் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தான். அதுவரை வந்த பிள்ளைகளில் முகமே தெரியாதது இதுதான்.

பெட்டிக்குள் ஒரு சிரிப்பு அடக்க முடியாமல் கிளம்பியது. "அம்..."

"யார் வீட்டுப் பிள்ளை நீ?"

கோரீன் கத்திய கத்தலில் ரோபோ ஒரு படி பின்வாங்கியது.

"ஏற்கனவே ஒரு தடவ வந்துட்டுத்தானே போன நீ! எத்தன தடவ வருவ? வெக்கமா இல்ல? ஒரு வீட்டுக்கு ஒரு தடவதான், போ இங்கேருந்து!"

"இல்ல, நான்..."

"பேசாத! ஒரு வார்த்த பேசக்கூடாது! உங்க அம்மா யாரு? போய் அவகிட்ட சொல்லு, பிள்ளைய ஒழுங்கா வளக்கச் சொல்லு. போ!"

பெட்டியின் இரண்டு ஓட்டைகளும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. ராய்ஸ் முகமூடிக்குள் ஹும் என்று சிரித்தான். கை நீட்டிக் கிண்ணத்திலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, பாவம் என்பதுபோலத் தலையை ஆட்டி, ரோபோவின் வாளியில் போட்டான். அவன் விரல் அந்த வெள்ளித்தாளில் உரசியதைக் கோரீன் பார்த்தாள்.

ரோபோ திரும்பியது. இரண்டு படி மெதுவாக இறங்கி, பிறகு ஓடியது.

"அல்பம்டி நீ," என்றான் ராய்ஸ். "ஒரு மிட்டாய்க்கு இப்படியா குழந்தையப் போட்டு வெரட்டுவ?"

தெருவோரத்தில் ஜூனி டெலோரிஸின் இடுப்பில் முட்டிக்கொண்டு விம்மினாள். பெட்டிக்குள்ளிருந்து வந்ததில் பாதி புரியவில்லை. "எங்கம்மாவுக்கு என்னைத் தெரியல. யார் வீட்டுப் பிள்ளைன்னு கேக்கறா. போன்னு சொல்லிட்டா."

டெலோரிஸ் நிமிர்ந்து வராந்தாவைப் பார்த்தாள். கோரீன் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நாற்காலியில் ஆரஞ்சுக் கோட்டு. முப்பது வருஷம் பஸ் கண்ணாடியில் பின்சீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிள்ளைகள் மூன்று பேரையும் எதிர்வீட்டுக்குள் தள்ளிக் கதவைப் பூட்டச் சொன்னாள். போலீசுக்குப் போன் போட்டாள். கார் வர எட்டு நிமிஷம் ஆகும் என்றார்கள். எட்டு நிமிஷம் சும்மா நிற்க அவளால் முடியவில்லை.

வராந்தாவில் கோரீனுக்கு முதலில் கேட்டது டெலோரிஸின் குரல்தான். "கோரீன்! பெரியவங்களுக்கு மிட்டாய் கிடையாதா? நாங்க என்ன பாவம் பண்ணோம்?"

பாதை நிறைய ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு கன்னியாஸ்திரீ, இரண்டு சோளக்கொல்லைப் பொம்மைகள், கையில் பீர் டப்பாவோடு கொம்புத் தொப்பி வைத்த ஒரு வைக்கிங் வீரன், மடி தொங்க ஒரு பசுமாடு. பசுமாட்டுக்குள் இருந்தவன் மரம் அறுக்கிற வேலைக்காரன், கதவு அகலத்துக்கு இருந்தான். எல்லாரும் உரக்கச் சிரித்துக்கொண்டே படியேறி வராந்தாவை அடைத்துக்கொண்டார்கள். ஆனால் யார் கண்ணிலும் சிரிப்பு இல்லை. அதைக் கண்டதும்தான் கோரீனுக்குப் புரிந்தது.

"இவரு யாரு? நம்ம தெருவா?" என்று பசுமாடு நாற்காலிக்கு முன்னால் போய் நின்றது. "முகமூடி ஜோரா இருக்கே அண்ணே, எங்க வாங்குனீங்க?"

"வழிய விடு," என்றான் ராய்ஸ்.

"பேச்சக் கேளுங்கப்பா! ஊருக்குப் புதுசு போல. ஒரு பீர் குடுங்க இவருக்கு."

டெலோரிஸ் கோரீனின் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் வராந்தாவிலிருந்து இறக்கினாள். கிண்ணம் விழுந்து மிட்டாய் நாலா பக்கமும் உருண்டது. பின்னால் நாற்காலி கவிழும் சத்தம், ஒரு கெட்ட வார்த்தை, யாரோ சுவரில் மோதும் சத்தம். கோரீன் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தன் முஷ்டியால் இடித்துக்கொண்டிருந்தாள். சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் தெருவில் சுழன்றபோது அவள் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அவன் கோட்டுப் பையில் மடக்குக் கத்தி இருந்தது. தெரு முனையில் நின்ற அவன் வண்டியையும் போலீஸ் சோதனை போட்டது. ஜூனியின் பழைய கோட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு பேருக்கு ஆகிற சாப்பாட்டுப் பொட்டலங்கள் இருந்தன. அதிகாரி அதைச் சொல்லும்போது இரண்டு என்ற சொல்லை அழுத்தாமல்தான் சொன்னார். கோரீனுக்கு அது தானாகவே அழுத்தமாகக் கேட்டது.

அன்றைக்கு அவர்கள் டெலோரிஸ் வீட்டில் படுத்தார்கள். பெட்டிகளைக் கழற்றிய ஜூனி அம்மாவின் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள்.

"உனக்கு நெசமாவே என்னைத் தெரியலயா?"

"தெரிஞ்சுதுடி. தெரிஞ்சதாலதான் அப்படிச் சொன்னேன். அங்க உட்காந்திருந்தது உங்கப்பா."

"அவருக்கும் என்னைத் தெரியலயா?"

"தெரியல."

"நான் உன்னப் பாத்துத்தான் பயந்தேன்," என்றாள் பிள்ளை. "அவரப் பாத்து இல்ல. நீ வேற யாரோ மாதிரி இருந்த."

கோரீன் கை நீட்டினாள். ஜூனி நகர்ந்து வரவில்லை, ஆனால் அந்தக் கையைத் தள்ளவும் இல்லை.

ஜனவரியில் ராய்ஸுக்கு ஆறு வருஷம் தண்டனை ஆனது. கோரீனின் அத்தை ஒருத்தி போனில் வாய் தவறிச் சொன்ன ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். தீர்ப்பு வரும்வரை கோரீன் இரண்டு துணிப்பெட்டிகளைக் கட்டிக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். இன்னும் வடக்கே, இவர்களை யாருக்குமே தெரியாத ஏதாவது ஓர் ஊருக்குப் போய்விட நினைத்திருந்தாள். தீர்ப்பு வந்த மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஜூனி அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மறுபடியும் போறோமா?"

தெருவில் பனி அள்ளும் சத்தம் கேட்டது. யாரும் கேட்காமலே பக்கத்து வீட்டு டெலோரிஸ் இவர்கள் வாசலையும் சேர்த்து அள்ளிக்கொண்டிருந்தாள், யாரையோ உரக்கத் திட்டியபடி.

"இல்ல," என்றாள் கோரீன். "பெட்டியத் திற. உன் துணியெல்லாம் எடுத்து அலமாரில வை."