படகுக் கதவு

கல்முராத் கோடரியை ஓங்கியபோது சனெம் ஓடிவந்து மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"தள்ளும்மா. குழி வெட்டி முடிச்சாச்சு. ஆத்து மணலு, மேல கட்டை பரப்பலேன்னா பொலபொலன்னு சரிஞ்சிடும்."

"இந்த மரம் வேண்டாம் சித்தப்பா."

"செத்தவன் வீட்டு மரத்தைத்தானே குழிக்குப் போடுவோம்? உங்கப்பன் வேற எந்த மரத்தை வச்சுட்டுப் போயிருக்கான்?"

அப்பா யெசெமுராத்தைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி உள்ளே கிடத்தியிருந்தார்கள். வாசலில் ஆண்கள் துக்க வழக்கப்படி கோலூன்றி வரிசையாக நின்றார்கள். நண்பகல் தொழுகைக்குள் எடுத்தாக வேண்டும். டவுனுக்குப் போய் மரம் வாங்கிவர நேரமில்லை.

அவள் தலைக்கு மேலே, பட்டுப்போன பாப்ளார் மரத்தின் பொந்துக்குள் மரங்கொத்திக் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. சிறகில் வெள்ளையும் வாலடியில் சிவப்புமாகத் தாய்ப்பறவை, அலகு நிறையப் புழுவோடு, கிட்டே வரப் பயந்து பக்கத்துக் கிளையில் தொற்றிக்கொண்டிருந்தது.

போன குளிர்காலத்தில் எரிவாயு நின்றபோதுகூட அப்பா இந்த மரத்தைத் தொடவில்லை. இருமலோடு ஆற்றங்கரைக்குப் போய் நாணல் அறுத்துவந்து அடுப்பெரித்தார். "குடியிருக்கிறவன் வாடகை குடுக்குறானா அண்ணே?" என்று கல்முராத் கிண்டலடித்தார். "அவன் என் மரத்துப் புழுவைத் தின்னுட்டு வேலை பாக்குறான். நீ என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு வாய் பேசுற" என்றார் அப்பா. அன்று சித்தப்பாவே விழுந்து விழுந்து சிரித்தார்.

சனெம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கதவைக் கழட்டுங்க சித்தப்பா."

"என்னது?"

"அதுவும் எங்க வீட்டு மரந்தான். ஆத்துக்குப் பாலம் வந்தப்புறம், தான் ஓட்டின படகைப் பிரிச்சு அப்பா கையாலயே செஞ்ச கதவு. ஆத்துத் தண்ணிக்கே அசையாத பலகை, மணலுக்கா அசையும்?"

"கதவில்லாத வீடா? ஊரு சிரிக்கும்டி."

"துக்க வீட்டுக் கதவை மூணு நாளைக்கு யாரு சாத்தப் போறா? அப்புறம் சிரிக்கிறவங்க வந்து சிரிக்கட்டும்."

கல்முராத் அவளையே பார்த்தார். பிறகு கோடரியைக் கீழே போட்டார்.

"அண்ணனுக்குன்னு பொறந்திருக்கு பாரு. அதே பிடிவாதம்."

வாழ்நாளில் அவளை யாரும் இவ்வளவு பெரிதாகப் புகழ்ந்ததில்லை. துக்கத்தையும் மீறி அவள் தலை நிமிர்ந்தது. அவளே போய்க் கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள்.

ஆற்றைக் கடக்க ஊரையே ஏற்றிச் சென்ற பலகைகளுக்குக் கீழே அப்பாவை வைத்து, மணல் மூடிவிட்டு வந்தார்கள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்த ரொட்டியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

"யாரோ கதவைத் தட்டுறாங்க பாரு" என்றபடி கல்முராத் பாதி எழுந்துவிட்டார். வெறும் வாசலையும் அதற்கப்பால் நின்ற மரத்தையும் பார்த்தார். மெல்லத் திரும்ப உட்கார்ந்தார்.

சனெம் அவருடைய கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள்.