நூறாவது இதழின் கடைசிப் பக்கம்

பழைய காமிக்ஸ் வாங்க வருகிறவர்களுக்கு அந்தக் கடையில் இரண்டு பேரைத் தெரியும். பெரியவர், சின்னவர். கூடப்பிறந்த அண்ணன் தம்பி. பெரியவர் சேர்ப்பார், சின்னவர் விற்பார். இரண்டு பேரும் பெரியவராகவே பிறந்து தொலைத்திருந்தால் ஒரு புத்தகம்கூட வாசலைத் தாண்டியிருக்காது, கடை என்றைக்கோ இழுத்து மூடப்பட்டிருக்கும்.

மாடிப்படிக்கு அடியில் எட்டடிக்கு ஆறடி இடம். வழுக்கை விழுந்த ஆட்கள் குனிந்து உள்ளே வந்து, "சின்ன வயசுல ஒண்ணு படிச்சேங்க, அட்டையில ஒரு குதிரை இருக்கும்" என்று இழுப்பார்கள். பேர் தெரியாது, வருஷம் தெரியாது, குதிரை மட்டும் தெரியும். பெரியவர் அரை நிமிஷம் கண்ணை மூடுவார். "குதிரை கறுப்பா, சிவப்பா?" என்பார். சிவப்பு என்றால் மூன்றாவது தட்டில் இடது ஓரம். கையில் கொடுத்ததும் வந்தவர் முதலில் செய்கிற காரியம், நடுவில் பிரித்து மூக்கை வைத்து முகர்வதுதான். சாணித்தாளும் மையும் கலந்த அந்த வாசனைக்குச் சில பேர் அழுதேவிடுவார்கள். சின்னவர் சரியாக அந்த நேரம் பார்த்து விலை சொல்வார்.

விற்பனைக்கு இல்லாதது ஒன்றே ஒன்றுதான். 'கலங்கரைக் காவலன்', முதல் இதழிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை. மாதம் ஒன்றாக வந்த படக்கதை. கடலுக்கு நடுவில் ஒரு கலங்கரை விளக்கம், அதில் தன்னந்தனியாக ஒருத்தன். தொண்ணூற்றொன்பதாவது இதழின் கடைசிக் கட்டத்தில், புயலில், படகே வர முடியாத நேரத்தில், அவன் கதவை யாரோ தட்டுகிறார்கள். யார்? நூறாவது இதழில் தெரியும். அந்த நூறாவதோடு கம்பெனியையும் மூடிவிட்டார்கள். அந்த நூறாவது மட்டும் பெரியவரிடம் இல்லை.

ஏன் இல்லை என்று சின்னவருக்குத் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது அண்ணனுக்குப் பதினாலு வயது, தம்பிக்கு ஒன்பது. அண்ணன் அம்மை போட்டுப் படுத்திருந்தான். "நூறாவது வந்திருக்கும்டா. வாங்கிட்டு ஓடி வா, வழியில பிரிக்காதே" என்று இருந்த சில்லறையை எல்லாம் கொடுத்து அனுப்பினான். தம்பி வாங்கினான். வழியிலேயே பிரித்தான். கடைசித் தாளில் ஒரு கூப்பன் இருந்தது. வெட்டி அனுப்பினால் காந்த மோதிரம் இலவசமாம். அண்ணன் பார்த்தால் வெட்ட விடமாட்டான். கடைக்காரரிடமே கத்தரிக்கோல் வாங்கி, அங்கேயே வெட்டி, தபால் பெட்டியிலும் போட்டுவிட்டுத்தான் பயல் தாளைத் திருப்பினான். மறுபக்கம் கதையின் கடைசிப் படம். கதவு திறந்திருந்தது. வாசலில் நிற்கிறவனின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஓட்டை இருந்தது.

புத்தகம் அன்றைக்கே பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. "நம்ம கடைக்கு வரவே இல்லையாம்ணா" என்றான், கொடுத்த காசும் வழியில் தொலைந்துபோனது என்று அழுது காட்டினான். மோதிரமும் வரவில்லை. மூடிய கம்பெனி மோதிரம் அனுப்புமா?

ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. அண்ணன் கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை, தம்பி குடும்பத்தோடே இருந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் நடைபாதைக் கடைகள், ஏலம், வீடு காலி செய்கிற இடம் எல்லாம் ஏறி இறங்குவார்கள். அண்ணன் குனிந்து தேடுவார். தம்பி பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார், "அடுத்த வாரம் கிடைக்கும்ணா" என்பார். இப்படிச் சொல்ல எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்!

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு நூறாவது இதழ் சின்னவர் கைக்கே வந்தது. பெரியவர் அன்றைக்குக் கடையில் இல்லை. அதிலும் கூப்பன் வெட்டியிருந்தது. உலகத்தில் எந்தப் பையன்தான் வெட்டாமல் விட்டான்? அண்ணனிடம் காட்டியிருக்கலாம். ஆனால் ஓட்டையைக் கண்டதும் சின்னவர் புத்தகத்தைச் சட்டென்று மூடினார். அண்ணன் அந்த ஓட்டையையும் தன் முகத்தையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்தால் போதும், சாயம் வெளுத்துவிடும் என்று தோன்றிவிட்டது. அதே கம்பெனியின் வேறொரு புத்தகத்திலிருந்து அதே கூப்பனை நகல் எடுத்து, அதே மாதிரி பழுத்த தாளில் அச்சடித்து, விளிம்பு தெரியாமல் ஒட்டினார். தொழிலில் இதற்கு ஒட்டுப் பிரதி என்று பெயர். மறுபக்கம் வெறும் வெள்ளை. வெளியூர்த் தரகர் ஒருவரிடம் தள்ளிவிட்டு அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இப்போது பெரியவருக்குக் கண்ணில் கோளாறு. கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டே வருகிறது. "போன பார்வை வராது. சொட்டு மருந்து ஒரு வேளை தவறாம விட்டா, இருக்கறதை இன்னும் ரெண்டு மூணு வருஷம் காப்பாத்தலாம். நடுவுல திட்டுத் திட்டா மறைக்க ஆரம்பிச்சா அதுக்கப்புறம் கஷ்டம்" என்று சொல்லிவிட்டார் கண் டாக்டர். வீட்டுக்கு வரும் வழியில் பெரியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அதுக்குள்ள அந்த நூறு கிடைச்சிடுமாடா?"

சின்னவர் தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்காமல் போன் போட்டார். கடைசியில் ஒரு பல் டாக்டர் சிக்கினார். பெரிய சேகரிப்பாளர். கையுறை போட்டுக்கொண்டு, உறையைப் பிரித்து, கடைசித் தாளைக் கூப்பன் பக்கம் மட்டும் விரித்துக் காட்டினார்.

"பாத்துக்குங்க. கூப்பன் வெட்டாத பிரதி. பணத்துக்குக் குடுக்க மாட்டேன். உங்க தொண்ணூத்தொன்பதும் எனக்கு வேணும்."

கூப்பன் இருந்தது. சின்னவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. தாளைத் திருப்பச் சொன்னாரா? சொல்லவில்லை! புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே வயிறு வளர்த்த மனுஷன், ஒன்பது வயதில் செய்த அதே தப்பை மறுபடியும் செய்தார். சொந்தக் கைவேலைகூட அடையாளம் தெரியவில்லை.

பெரியவர் தொண்ணூற்றொன்பதையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துப் பெட்டியில் அடுக்கி, தானே கயிறு கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டமாகச் சத்தம் போட்டுப் படித்தார். புயல் வந்தது, விளக்கு அணைந்தது, காவலன் படியில் இறங்கினான். "டேய், தாழ்ப்பாள்ல கை வெச்சுட்டான்டா!" என்று பதினாலு வயதுப் பையன்போலச் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவருக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் மனம் லேசாக இருந்தது.

பெரியவர் கடைசித் தாளைத் திருப்பினார். பூதக்கண்ணாடி அப்படியே நின்றது.

"டேய்... கதவு தெரியுது. அவன் காலு தெரியுது. மூஞ்சி இருக்கற இடம் மட்டும் வெள்ளையா இருக்குடா."

சின்னவர் எட்டிப் பார்த்தார். சதுரமாக, சுத்தமாக, வெறும் தாள். ஓரத்தில் தன் விரல் பதிந்த பசைத் தடம்.

"போச்சுடா" என்றார் பெரியவர். "டாக்டர் சொன்ன திட்டு வந்துடுச்சு. இன்னும் ஒரே ஒரு பக்கம் பொறுத்துக்கக் கூடாதா இந்தக் கண்ணு?" புத்தகத்தை மூடி தம்பியிடம் நீட்டினார். "நீ பார்த்துச் சொல்லு. யாருடா அது?"

சின்னவர் பிரித்தார்.

"அவனோட தம்பிண்ணா."

"தம்பியா! அவனுக்குத் தம்பி இருக்கான்னு எங்கேயும் வரலையேடா."

"இதுல வருது. சின்ன வயசுல தொலைஞ்சு போனவனாம். தேடிக்கிட்டு வந்திருக்கான்."

"மூஞ்சி எப்படி இருக்கு?"

"சிரிக்கறான்ணா."

பெரியவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நல்லா முடிச்சிருக்கான். பாவம், தனியாவே கிடந்தானே" என்றார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சின்னவருக்கு எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாம்போல இருந்தது.

சின்னவரின் மனைவி மருந்துக் குப்பியோடு வந்தாள். "மாமா, சொட்டு மருந்து விடணும், நிமிருங்க."

"வேணாம்மா. இனிமே எதுக்கு? பார்க்க வேண்டியது ஒண்ணுதான் பாக்கி இருந்தது, அதுவும் தெரியாமப் போச்சு. எரியற மருந்தை வேற எதுக்கு ஊத்திக்கணும்?"

"என்ன மாமா, பச்சைக் குழந்தை மாதிரி? டாக்டர் அவ்வளவு சொன்னாரே!" அவள் புருஷனிடம் திரும்பினாள். "என்னங்க, மரம் மாதிரி நிக்கறீங்க? நீங்களாவது சொல்லுங்க."

அந்த வெள்ளை உன் கண்ணோட கோளாறு இல்லைண்ணா என்று சொன்னால் போதும். ஆனால் சொன்னால் அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும். ஒட்டினது யார் என்று வரும். தம்பியும் சிரிப்பும் எங்கிருந்து வந்தது என்று வரும். அப்புறம் கத்தரிக்கோல், அப்புறம் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். சின்னவர் வாயைத் திறந்தார்.

"அவனை ஏம்மா அதட்டறே?" என்றார் பெரியவர், கண்ணைத் திறக்காமலே. "அவன் மட்டும் இல்லேன்னா எனக்கு இந்த முடிவே தெரிஞ்சிருக்காது."

சின்னவர் ஜன்னலைப் பார்த்தார். "அவருக்கு வேணாம்னா விட்டுடேன்" என்றார்.

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குப்பியை மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.