மாஸ்டரக்கா பாதியில் விட்ட வாக்கியம்

ஆறாவது ஊசி முடிந்த ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு, மாஸ்டரக்காவின் கணவர் தரையிலிருந்து எழும்பிக் கூடத்துக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டார். வேலைக்குக் கிளம்பி வாசல்வரை வந்தவர். "நீங்க போறதுக்கு முன்னாடி..." என்று அக்கா ஆரம்பித்தாள். மீதி வரவில்லை. அவரும் மரியாதையாக நின்று காத்திருந்தார். காத்திருந்தபடியே மேலே போய்விட்டார். லிஃப்ட் மெக்கானிக் என்பதால் மேலே போவது அவருக்குப் புதிதில்லை. ஆனால் இவ்வளவு சத்தமில்லாமல் போனதே கிடையாது என்று பிற்பாடு சொன்னார்.

அந்த வீட்டில் அது முதல் சம்பவமும் இல்லை. புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்து, மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்தே, அக்கா எதைப் பாதியில் மறந்தாளோ அது மேலே போனது. மூன்றாம் ஊசிக்குப் பிறகு கெட்டில், அடுத்த வாரம் கத்தரிக்கோல், அப்புறம் சாவிக்கொத்து. மாடிவீட்டு அம்மா தினமும் வந்து, "மறதி யாருக்குத்தான் இல்ல? எனக்கும்தான் இருக்கு. உசுரு பொழைச்சதே பெரிசு" என்று ஆறுதல் சொல்வாள். அவள் வீட்டுச் சாமான்கள் எல்லாம் தரையில்தான் இருந்தன.

அக்கா ஒரு சீருடைக் கடையில் கட்டிங் மாஸ்டர். ஆளை ஒருமுறை அளந்தால் போதும், கழுத்திலிருந்து கணுக்கால்வரை அளவெல்லாம் தலைக்குள் போய் உட்கார்ந்துவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு அளவைக்கூடத் தாளில் எழுதியதில்லை, எழுதுகிறவர்களைக் கண்டால் ஏளனம். கணவர் மேலே போன இரண்டாம் மாதம் கடைக்குத் திரும்பினாள். பேண்டு வாத்தியக்காரர்கள் நாற்பது பேருக்குக் கோட்டு. துணியை முகத்துக்கு முகம் பார்க்க அடுக்கி வெட்டினால்தான் வலது கையும் இடது கையும் ஜோடியாக வரும். அக்கா எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி வெட்டிவிட்டாள். எண்பதும் இடது கை. "எடது பக்கம் ஒண்ணை எடுத்தாங்க, நான் எண்பதாத் திருப்பிக் குடுத்திருக்கேன்" என்றாள். முதலாளிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கத்தரியை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டு, பட்டன் பிரிக்கும் வேலையைக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதாள். கணவர் கூரையை இன்னும் பலமாக அழுத்தினார். சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு விரிசல் விட்டது. கொத்தனார் வந்து பார்த்து, மூன்று மாதம் தாங்கலாம் என்றார். கூரைக்கு மேலே மாடிவீடு. அதற்கும் மேலே வானம்தான்.

அவ்வளவுதான், அக்காவுக்குப் பற்றிக்கொண்டது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய், புத்திக்கும் ஞாபகத்துக்கும் பன்னிரண்டு வாரம் பயிற்சி தருகிற வகுப்பில் சேர்ந்தாள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பயிற்சிக்காரப் பெண் கணினி முன்னால் உட்கார வைத்தாள். திரையின் நடுவில் காரோ லாரியோ கண் சிமிட்டும் நேரம் தோன்றும். அதே நேரம் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் மின்னும். இரண்டையும் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் வேகம் கூடும். வீட்டுப்பாடமும் உண்டு: ஒரு நேரத்தில் ஒரே வேலை, ரேடியோவை அணை, செய்வதை வாய்விட்டுச் சொல், நோட்டில் எழுது.

நோட்டு என்றதும் அக்கா முறைத்தாள். "எழுதி வெச்சுக்கறவ ஒரு மாஸ்டரா?"

"எழுதினா யாருக்காவது சட்டை சின்னதாப் போயிடுமாக்கா?"

அக்கா வீட்டுக்கு வரும் வழியிலேயே நோட்டு வாங்கி, அளவுநாடாவோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை, "தண்ணி வெக்கணும், கெட்டிலை எடுக்கறேன், ரொப்பறேன், அடுப்புல வெக்கறேன்" என்று கடைசிவரை வாய்விட்டுச் சொன்னாள். கெட்டில் இறங்கி வந்து அடுப்பில் உட்கார்ந்தது. அக்கா போட்ட கூச்சலில் மாடிவீட்டு அம்மா தலைதெறிக்க ஓடிவந்தாள். கூரையிலிருந்து கணவர் கைதட்டினார். அடுத்த வாரம் கத்தரிக்கோல், அதற்கடுத்து சாவிக்கொத்து. திரையில் கார் ஓட ஓட அக்காவும் துரத்தினாள். வகுப்பு முடிந்தால் பஸ் நிறுத்தத்திலிருந்து ஓட்டமாக ஓடி வருவாள், வீட்டில் இன்று எது இறங்கியிருக்கும் என்று பார்க்க. தெருவே ஜன்னலில் எட்டிப் பார்த்தது.

கணவர் மட்டும் இறங்கவில்லை. தூக்குவாளியைத் துடைப்பக் கழியில் மாட்டி அவருக்குச் சாப்பாடு ஏற்றியபடியே அக்கா முயன்றாள். போவதற்கு முன்னால் குடையை எடுத்துக்கோங்க. போவதற்கு முன்னால் கேஸ் சிலிண்டருக்குச் சொல்லுங்க. நோட்டில் நூற்றுப் பன்னிரண்டு வாக்கியம் எழுதி அடித்தாள். அவர் ஒரு நூல்கூட அசையவில்லை. விரிசல் விரல் அகலம் ஆயிற்று.

"தொலைஞ்சதையே தேடிட்டிருக்கீங்க. அது கெடைக்காமலே போகலாம். புதுசா ஒரு வழி போடுங்க" என்றாள் பயிற்சிக்காரி.

பன்னிரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை காலை, அக்கா ரேடியோவை அணைத்தாள். நோட்டைக் கழற்றி வைத்தாள். ஒரு நேரத்தில் ஒரே வேலை. அண்ணாந்து கணவரைப் பார்த்தாள். இத்தனை மாதமும் அவள் பார்த்தது விரிசலைத்தான். மனுஷன் இளைத்திருந்தார், காதோரம் நரைத்திருந்தது, சட்டையின் இரண்டாவது பட்டன் ஒற்றை நூலில் தொங்கியது.

"நீங்க போறதுக்கு முன்னாடி அந்தச் சட்டையைக் கழட்டிக் குடுங்க. பட்டன் தொங்குது, ஒரு நிமிஷத்துல தெச்சுடறேன்."

அவர் லிஃப்ட் மாதிரி நிதானமாக, நேராக இறங்கி வந்து, சட்டையைக் கழற்றி நீட்டினார். அக்கா அழுதாள், சிரித்தாள், முதல் தடவையிலேயே ஊசியில் நூல் கோத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை எல்லாப் பட்டனும் ஒழுங்காகத்தான் இருந்தது, பிற்பாடு கூரை விசிறியில் மாட்டித்தான் நூல் விட்டது என்று மாடிவீட்டு அம்மா சத்தியம் செய்கிறாள். அப்படியானால் அன்று சொல்ல வந்தது வேறு என்னவோ. அதை இப்போது யாரும் தேடுவதில்லை.

அக்கா மறுபடி கட்டிங் மேஜையில் நிற்கிறாள். "முகத்துக்கு முகம்" என்று சத்தமாகச் சொல்லித்தான் துணி அடுக்குகிறாள், அளவெல்லாம் நோட்டில் இருக்கிறது. பேச்சு இன்னமும் சில நாள் நடுவில் நின்றுவிடும். அப்போது அவர் இரண்டு விரல் உயரம் எழும்புவார். "இருங்க, வருது" என்பாள். "அவசரமில்ல" என்று அவர் அங்கேயே நிற்பார். எழும்பும்போது கணுக்கால் தெரியாமல் இருக்க, அவருடைய பேண்ட்டை அக்கா இரண்டு விரல் நீளமாகவே வெட்டுகிறாள்.