கறுப்பு வானத்தில் ஒரு சிவப்புத் திட்டு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. காலை மடக்கி அவளுக்கும் இடம் விடு. வயிறு வலிக்கச் சிரிக்க ஒரு கதை வைத்திருக்கிறேன்.

பிள்ளைகள் கணினியில் படிக்கிற பாடங்களைச் செய்யும் அலுவலகம் ஒன்று. மூன்றாவது மாடி, இரண்டே அறை, ஒரு மின்விசிறிக்கு நாலு பேர் போட்டி. அங்கே படம் வரைகிறவள் ஒருத்தி இருந்தாள். இரண்டு மாதம் முதுகொடிய உட்கார்ந்து கோள்களைப் பற்றி ஒரு பாடம் வரைந்திருந்தாள். திரை முழுக்க மைக்கறுப்பு வானம், அதில் உருண்டை உருண்டையாய்க் கோள்கள். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

ஆனால் அங்கே எந்தப் பாடமும் கண் சோதனையில் தேறினால்தான் வெளியே போகும். திரைக்கு அடியில் விரல் நீளத்தில் ஒரு கேமரா. பார்க்கிறவர் கண் எங்கே நிற்கிறதோ அதைக் குறித்துப் பக்கத்துத் திரையில் காட்டும். கொஞ்சம் நின்றால் பச்சை, நெடுநேரம் நின்றால் சிவப்பு. சோதித்துப் பார்க்க வருகிறவர் ஒரு கணக்கு வாத்தியார். வரைந்தவள் அவருக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் உட்கார வேண்டும், அதுதான் சட்டம்.

வாத்தியார் நாலு தடவை பார்த்தார். நாலு தடவையும் வலது கீழ் மூலையில், ஒன்றுமே இல்லாத கறுப்பில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புத் திட்டு. போதாக்குறைக்கு, மொத்தம் எத்தனை கோள் என்று பாடம் கேட்டதற்கு, எட்டு என்று சொல்லாமல் ஏழு என்று அழுத்தியிருந்தார் மனிதர்.

அலுவலகமே பெரியம்மா என்று கூப்பிடும் முதலாளியம்மா உதட்டைப் பிதுக்கினார். "கவனம் சிதறுதுடி. சாயங்காலத்துக்குள்ள அந்தச் சிவப்பு போகலைன்னா வானத்தை வெள்ளையாக்கிடு."

"வெள்ளையில நட்சத்திரம் எப்படிப் பெரியம்மா தெரியும்?"

"அது உன் பாடு."

எதிர்ப்பக்கம் ஒரு வால்நட்சத்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தாள். சிவப்பு அசையவில்லை. சனிக்குப் பளபளவென்று வளையம் பூட்டினாள். ம்ஹூம்.

வாத்தியார் டீ குடிக்கப் போன நேரம், அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து அந்த மூலையை உற்றுப் பார்த்தாள். கறுத்த திரை கண்ணாடியாய் மின்னியது. தன் தோளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி தெரிந்தது. அதில் மஞ்சள் கைப்பை தொங்கியது. அவளுடைய நாற்காலி. அவளுடைய பை.

"அடப்பாவி!"

முகம் ஏன் இப்படிச் சூடாகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. அவர் வருகிற நாளில் மட்டும் தலையை ஏன் இரண்டு தடவை வாருகிறோம் என்பது சட்டென்று விளங்கிவிட்டது.

வாத்தியார் திரும்பி வந்ததும் அடுத்த சோதனை. பெரியம்மா பக்கத்துத் திரையில் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் நாற்காலியோடு மெல்ல இடப்பக்கம் நகர்ந்தாள். சிவப்பும் நகர்ந்தது. எழுந்து நின்றாள். அது செவ்வாயைத் தாண்டி மேலே ஏறியது. குனிந்து மேசைக்கடியில் ஒளிந்தாள். அவ்வளவுதான், தாயைத் தொலைத்த கோழிக்குஞ்சாய் வானமெல்லாம் அலைந்தது!

"என்னடி இது, நீ போற பக்கமெல்லாம் ஓடுது?" என்று திரும்பிய பெரியம்மா, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்த வேகத்தில் அவர் நாற்காலி உருண்டு சுவரில் போய் முட்டியது. வாத்தியாரின் காது இரண்டும் பழுத்துவிட்டன.

"வானத்துல குறை இல்ல, உன் நாற்காலியிலதான் குறை. கறுப்பாவே இருக்கட்டும். நீ வெளிய போ தாயே, மனுஷன் பாடத்தைப் பார்க்கட்டும்!"

படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் உள்ளேயிருந்து கூச்சல்: "சனியைப் பார்த்துட்டாரு! பாடம் தேறிடுச்சுடி!"

பின்னாலேயே அவர் வந்தார், கையில் மஞ்சள் பையோடு. "மன்னிச்சுக்கோங்க..."

"அது கிடக்கட்டும் சார். எட்டுக் கோளை ஏழுன்னு போட்டீங்களே, நீங்க கணக்கு வாத்தியார்தானே?"

"சரியாப் போட்டா பாடம் முடிஞ்சுதுன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்களே!"

அவள் சிரித்த சிரிப்பு மூன்று மாடிக்கும் கேட்டது. நகர்ந்து இடம் விட்டாள். "உட்காருங்க. இங்க திரை கிடையாது, நேராவே பார்க்கலாம்."

உட்கார்ந்தவர், பாவம், தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும், என் செல்லங்களே, பார்க்கப் பார்க்க அலுக்காத முகங்கள் நிறைந்திருக்கட்டும். அடுப்பு ஆறாமல், சிரிப்புச் சத்தம் அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி, எல்லோரும் நன்றாக இருங்கள்.