எலக்ட்ரீஷியனின் டிரம்

பழைய ஸ்நேர் டிரம் ஒன்றை வாங்கி வந்த நாளிலிருந்து எலக்ட்ரீஷியன் அதையே கட்டிக்கொண்டு அழுதார். வீட்டு மிக்ஸி ஓடாமல் கிடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. டிரம்மின் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டியதும் உள்ளே பித்தளை பளபளத்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. துருப்பிடித்த வளையத்தை வினிகரில் ஊறவைத்தார். திருகுகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தார். கடைசியாக, அடித்தோலில் உரசி ஒலிக்கும் சுருள் கம்பிகளைப் புதிதாகப் பூட்டிக் கையை எடுத்தார்.

யாரும் தொடாமலே டிரம் 'கிர்ர்' என்றது.

எங்கோ லூஸ் என்று பத்துத் திருகுகளையும் முறுக்கினார். மறுபடியும் 'கிர்ர்'.

"சாப்பிட வாங்கன்னு எத்தனை தடவைதான் கத்துறது?" சமையலறையிலிருந்து நாலாவது முறையாக மனைவியின் குரல் வந்தது.

'கிர்ர்.'

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "உன் சத்தத்துக்குத்தான் கம்பி அதிருது," என்று அசடு வழிந்தார். "இரு, இந்தக் கொக்கியைத் தள்ளினா கம்பி தோலை விட்டு விலகி கம்முனு ஆயிடும்."

கரண்டியோடு மனைவி வந்து நின்றார்.

"தொட்டீங்க, தெரியும் சேதி! பதினாறு வருஷத்துல, இந்த வீட்டுல நான் கூப்பிட்டதும் பதில் சொன்ன ஒரே ஆளு அதுதான்."

'கிர்ர்' என்று டிரம் ஆமாம் போட்டது.