காற்றை நிறுத்தச் சொன்னவள்

தரைக்குக் கீழே இருந்த அந்தத் தையல் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. தெருவோரச் சுவரில் ஒரு கம்பிவலை, அதற்குப் பின்னால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் பெரிய ஃபேன். இருபத்தெட்டுப் பேர் மூச்சுவிட அது ஒன்றுதான் வழி. பக்கத்து மனையில் கட்டட வேலை தொடங்கியதிலிருந்து அந்த வழியாகச் சிமெண்டுத் தூசி வந்து துணியிலும் தொண்டையிலும் படிந்தது.

அங்கே தைக்கும் அக்கா தங்கை இருவரில் பெரியவள் சும்மா இருப்பாளா? அடுத்த மெஷினில் ஆறு மாத வயிற்றோடும் இளைப்போடும் உட்கார்ந்திருப்பவள் அவள் கூடப்பிறந்த தங்கை. பக்கத்து மனை எஞ்சினியரிடம் ஒரு வாரம் கரடியாய்க் கத்தினாள். தொல்லை தாங்காமல் அவர் ஆள் அனுப்பி, வலையைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி டேப் ஒட்டிவிட்டார். கூடமே அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

மூன்றாம் நாள் மதியம் தங்கை மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். ஃபேன் என்னவோ சுற்றிக்கொண்டுதான் இருந்தது, வெறும் சத்தத்துக்கு. வெளிப்படியில் கொண்டுபோய் உட்கார வைத்ததும் மூச்சு தெளிந்தது. அப்போதுதான் பெரியவளுக்கு உறைத்தது. தங்கை தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறாள்.

எஞ்சினியரிடம் ஓடினாள்.

"சார், அதப் பிரிச்சிடுங்க. உள்ள காத்தே வரல."

"நீங்கதானேம்மா மூடச் சொன்னீங்க?"

"தூசிய நிறுத்தச் சொன்னேன் சார், காத்தையா நிறுத்தச் சொன்னேன்? ஒரு குழாய் வச்சு, தூசி இல்லாத பக்கமா திருப்பி விடுங்க."

"அது உங்க முதலாளி பாக்க வேண்டிய வேலை."

முதலாளி கையை விரித்தார். "கட்டடம் முடியட்டும்மா. ரெண்டு வருஷந்தானே."

ரெண்டு வருஷந்தானாம்! அவர் உட்காருவது மூன்றாவது மாடியில்.

தெருவுக்குப் போய் அவளே கத்தரிக்கோலால் ஷீட்டைக் கிழித்தாள். ஐந்து நிமிஷம் காற்று வந்தது. பிறகு பக்கத்தில் கல் அறுக்கத் தொடங்கினார்கள். வெள்ளையாய்த் தூசி கொட்டியது. "உனக்கென்னக்கா, பைத்தியமா?" என்று முந்தாநாள் கொண்டாடிய அதே வாய்கள் கத்தின. தங்கை வயிறு குலுங்க இருமினாள்.

"வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போடி."

"போயி? அவரும்தான் வேலையில்லாம உக்காந்திருக்காரு."

"அப்ப என்னதான்டி செய்ய? நீயே சொல்லு."

தங்கை வெகுநேரம் மூச்சு வாங்கினாள். "மூடிடுக்கா. இரும இரும, புள்ளைக்கு என்ன ஆகுமோன்னு பயமா இருக்கு. மயக்கம் வந்தா படியில போய் உக்காந்துக்கறேன்."

பெரியவள் டேப்போடு மறுபடி தெருவுக்குப் போனாள். கிழித்த இடத்தைச் சேர்த்துப் பிடித்து, ஓரமெல்லாம் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். தையல்காரி கை அல்லவா, ஓர் இம்மி இடைவெளிகூட விடவில்லை.